பயணமானார், திரும்பினார்: கடல் கடந்து கற்ற எம்மவரின் கதை

பழைய கல்லூரிச் சஞ்சிகைகளின் கடைசிப் பக்கங்களில் ‘பழைய மாணவியர் செய்திகள்’ என்றொரு பகுதி இருக்கும். திருமணம், பிறப்பு, நியமனம், இறப்பு என்பவற்றுக்கு நடுவே, இன்னார் மேற்படிப்புக்காகச் சென்னைக்கோ இங்கிலாந்துக்கோ பயணமானார் என்று ஒரு வரி வரும். சில ஆண்டுகள் கழித்து, அவர் பட்டத்துடன் திரும்பினார், இன்ன பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தார் என்று இன்னொரு வரி வரும். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் அவருக்கு என்ன நடந்தது என்பதைச் சஞ்சிகைகள் சொல்வதில்லை.

அந்த ஆண்டுகளில் ஒரு பெண் புதிய பேச்சையும் உணவையும் குளிரையும் தனிமையையும் எதிர்கொண்டாள். தன்னில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைத்திருப்பது என்று நாள்தோறும் தீர்மானித்தாள். எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அந்தத் தீர்மானங்களின் வரலாற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று கருதுகிறோம். இன்று எமது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வழியில் போகிறார்கள். முன்னே போனவர்கள் பெற்ற பட்டம் அவர்களுக்குத் தெரியும். பட்ட பாடு தெரியாது.

அயலிலே ஓர் அந்நியம்

இலங்கையில் 1870ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. 1892இல் பெண்களும் அங்கே சேர்ந்தனர். ஆனால் கலை, விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கென 1921இல்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. எமக்கென ஒரு பல்கலைக்கழகம் 1942இலேயே உருவானது. ஆகவே பட்டம் பெற விரும்பிய யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு முதலில் தெரிந்த வெளியூர் சென்னைதான்.

அங்கே 1914இல் அரச மகளிர் கல்லூரி ஒன்று தொடங்கியது. பின்னர் அது இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, பல மிஷன் சபைகள் ஒன்றுசேர்ந்து மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கின. வேலூரில் 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தார். போகும் வழியும் அதே காலத்திலேயே இலகுவாயிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிரதப் பாதை 1905இல் தெற்குடன் இணைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கியது. மதவாச்சியில் ரயில் மாறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ‘போட் மெயில்’ பிடித்தால் எழும்பூர். ‘கொழும்பைவிடச் சென்னை கிட்ட’ என்று பெற்றார் மனதைத் தேற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

மொழியும் ஒன்று, சேலையும் ஒன்று, கோயிலும் ஒன்று. பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் முதலில் தடுக்கியது அந்தத் தமிழ்தான். நாம் ‘ஓம்’ என்றால் அவர்கள் ‘ஆமாம்’ என்றனர். நாம் கதைத்தோம், அவர்கள் பேசினர். நமக்கு விளங்கியது அவர்களுக்குப் புரிந்தது. நமது சவர்க்காரம் அங்கே சோப்பு, நமது ‘கெதியாய்’ அங்கே ‘சீக்கிரம்’, நமது ‘வடிவு’ அங்கே ‘அழகு’. வாயைத் திறந்ததும் ‘நீ மலையாளமா?’ என்று கேட்கப்படாத யாழ்ப்பாணத்துப் பெண் அங்கே இருந்திருக்கமாட்டாள். வேற்று மொழியில் தடுமாறினால் எவரும் மன்னிப்பர். சொந்த மொழியைப் பேசும்போதே பிறர் சிரித்தால் அந்த நோவு வேறு. வகுப்பிலும் கடையிலும் சென்னைத் தமிழ், அறைக்குள் ஊர்த் தமிழ் என்று இரண்டு நாக்குகளை வைத்துக்கொள்ள அவர்கள் பழகினர்.

சாப்பாடும் அப்படியே. தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் சிவப்பரிசிச் சோற்றுக்கும் பழகிய நாக்குக்குச் சாம்பாரும் இரசமும் தயிர்ச்சோறும் நாள்தோறும் வந்தால் சலிக்கும். தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் கோப்பிக்குப் பழகினர். விடுமுறை முடிந்து திரும்பும்போது பெட்டிக்குள் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பயற்றம் பணியாரமும் போயின. அந்தப் பெட்டி வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

இவற்றைவிட ஆழமான மாற்றம் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நிகழ்ந்தது. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கிறிஸ்தவர், இந்துக்கள், வேறுவேறு சாதியினர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். வெளியே ஒத்துழையாமை இயக்கமும், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகமும் நடந்துகொண்டிருந்தன. இத்தகைய சூழலில் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர், வீட்டின் பின்புறத்தில் சிலருக்கென்று தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட பாத்திரத்தைப் பார்க்கும்போது, போகுமுன் பார்த்த கண்ணோடு பார்த்திருக்க முடியாது. அக்காலத்தில் யாழ்ப்பாணமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்று, சாதி வேற்றுமையை எதிர்த்துச் சமபந்தி போசனம் நடத்தியது. 1927இல் காந்தியடிகளை அழைத்து வந்தது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற விதி வந்தபோது குடாநாட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த நாட்களில் வகுப்பறையில் நின்றவர்களுள் வெளியூரில் படித்துத் திரும்பிய ஆசிரியைகளும் இருந்தனர். அவர்கள் மேடையேறிப் பேசியதாகப் பதிவுகள் அதிகம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையை வாங்கில் இருத்துவதா, நிலத்தில் இருத்துவதா என்பது முடிவில் ஆசிரியையின் கையில் இருந்த விடயம்.

இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், வேற்றுப் பண்பாட்டுக்குப் பழகுதல் என்பதைப் போன இடத்தோடு முடிந்துபோகும் காரியமாகவே பலரும் எண்ணுகின்றனர். திரும்பி வந்தவருக்குச் சொந்த வீட்டுக்கு மறுபடியும் பழகவேண்டி இருந்தது. பலருக்கு இரண்டாவதே கடினமாக இருந்தது.

குளிரும் தனிமையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்துக்குப் போவோர் தொகை கூடியது. கொழும்பில் கப்பலேறினால் ஏடன், சூயஸ், போர்ட் சயிட் வழியாக ஏறத்தாழ மூன்று வாரப் பயணம். அந்த மூன்று வாரத்தில் முள்ளும் கத்தியும் பிடிக்கவும், காலுறை அணியவும், அந்நியருடன் ஒரே மேசையில் இருந்து கதைக்கவும் ஓரளவு பழகிவிடலாம். பின்னர் விமானத்தில் போனவர்களுக்கு அந்தப் பயிற்சிக் காலமும் கிடைக்கவில்லை.

அவர்கள் கண்டது புத்தகத்தில் படித்த இங்கிலாந்து அல்ல. உணவுப் பங்கீடு 1954 ஆடி மாதம்வரை நீடித்தது. 1952 மார்கழியில் இலண்டனை மூடிய நச்சுப் புகை ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. வாடகை அறையில் கணப்பு எரியவேண்டுமானால் சில்லிங் நாணயத்தை மீற்றரில் போடவேண்டும். நாணயம் தீர்ந்தால் குளிர். கிணற்றில் நாள்தோறும் அள்ளிக் குளித்தவர்கள், கிழமைக்கு ஒருமுறை குளியல் என்ற வீட்டு ஒழுங்கைக் கேட்டுத் திகைத்தனர். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு அணிந்தாலும், சேலைக் கரை பனியில் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும்.

அறை தேடுவது தனிச் சோதனை. நிறத்தவருக்கு அறை இல்லை என்று வீட்டுக்காரர் வெளிப்படையாகவே எழுதிவைத்த காலம் அது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1965இல் வந்தபோதும், வீட்டு வாடகையையும் வேலைவாய்ப்பையும் அது தொடவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றையும் உள்ளடக்கியது. கிடைத்த அறையிலும் கறி மணம் பற்றிய முறைப்பாடு ஓயாது.

இவற்றை விட்டுவிட்டாலும், நடத்தையில் ஒரு சிறு விடயம் பலரை இடறியது. நமது வீட்டில் அம்மா தேத்தண்ணி தந்தால் நாம் ‘நன்றி’ சொல்வதில்லை. சொன்னால் அம்மாவே, ‘என்ன, நான் பிறத்தியாளோ?’ என்று கேட்பார். அங்கே பேருந்து நடத்துநருக்கும் நன்றி சொல்லவேண்டும். எதைக் கேட்டாலும் ‘தயவுசெய்து’ சேர்க்கவேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்பர். மரியாதையைப் பார்வையிலும் குரலின் தணிவிலும் காட்டப் பழகியவர்கள், அதை வாய்ச்சொல்லிலும் காட்டக் கற்றனர்.

படிப்பிலும் இதே சிக்கல் வந்தது. நமது வகுப்பறையில் ஆசிரியை சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்பவள் நல்ல மாணவி. அங்கே பேராசிரியர், ‘உமது அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மௌனம் நமக்குப் பணிவு. அவருக்கு அது ஆயத்தமின்மை. மூத்தவர் ஒருவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசவும், அப்படிப் பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் பழகியதே தமது பெரிய கல்வி என்று எமது அக்காமார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

எல்லோரும் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. 1948இல் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின் அதன் வைத்தியசாலைகளுக்குத் தாதியர் தேவைப்பட்டனர். பயிற்சிக் காலத்திலேயே சிறிது சம்பளம் கிடைத்தமையால், செலவு செய்ய வசதியில்லாத குடும்பங்களின் பெண்களும் போகமுடிந்தது. அவர்கள் ஒரே நேரத்தில் மாணவியரும் தொழிலாளருமாக இருந்தனர். முன்பின் தெரியாத ஆண் நோயாளியின் உடலைக் கழுவுவது, இறந்தவரைச் சுத்தம் செய்வது ஆகியவற்றைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் கற்றனர். ஊருக்கு எழுதிய நீலநிற விமானக் கடிதத்தில் இவை எவையும் இருக்கவில்லை. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, பனி பெய்வதை வருணித்து, தம்பியின் படிப்பை விசாரித்து முடித்தனர்.

விடுதியில் வளர்ந்தவர்கள் ஓரளவு தாங்கினர் என்பது உண்மை. மணிக்கு எழும்புவது, வரிசையில் நிற்பது, தன் கோப்பையைத் தானே கழுவுவது, கிடைத்ததைச் சாப்பிடுவது என்பன அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதே விடுதி வாழ்க்கை ‘முறையிடாதே’ என்ற பாடத்தையும் புகட்டியிருந்தது. அது அவர்களுக்குப் பலமாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

தகப்பனின் பெயர்

புதிய நாட்டில் முதல் நிரப்பும் படிவத்திலேயே ஒரு சங்கடம் காத்திருந்தது. கந்தையாவின் மகள் சிவகாமி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் சிவகாமி; தகப்பன் பெயர் முன்னே நிற்கும் ஓர் எழுத்து. இங்கிலாந்தின் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. ‘கந்தையா’ என்று எழுதினார். அன்றுமுதல் அவர் ‘மிஸ் கந்தையா’. வகுப்பில் தகப்பனின் பெயர் சொல்லி அழைக்கும்போது திரும்பிப் பார்க்க அவருக்குச் சில நாட்கள் எடுத்தன. சிவகாமி என்ற பெயர் கடிதங்களில் மட்டும் வாழ்ந்தது. திருமணமானபின் கணவனின் பெயர் வந்து சேர, பட்டச் சான்றிதழில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் இன்னொரு பெயருமாயிற்று. பழைய மாணவியரின் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் எவரும் இந்தச் சிக்கலை அறிவர்.

சோவியத் நாட்டுக்குப் போனவர்களுக்கு இந்த ஒரு விடயத்தில் ஆறுதல் இருந்தது. ரஷ்யர்களும் தகப்பன் பெயரைச் சேர்த்தே மரியாதையாக அழைப்பர். இவானின் மகள் அன்னா, ‘அன்னா இவானொவ்னா’ ஆவார். இது நம்மவருக்கு உடனே விளங்கியது.

மொஸ்கோவில் 1960இல் தொடங்கி, அடுத்த ஆண்டு பற்றிஸ் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவருக்கு இலவசமாகக் கற்பித்து உதவிப்பணமும் வழங்கியது. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்து, படிப்படியாகத் தாய்மொழிக் கல்வியும் வந்தபின், ஆங்கிலத்தில் பெருஞ் சரளம் இல்லாத கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் உருவாகியிருந்தனர். மொஸ்கோவில் அது குறையாகவில்லை. எல்லோருமே முதலாம் ஆண்டில் ரஷ்ய மொழியை அரிச்சுவடியிலிருந்து படித்தனர். கானாவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே விடுதியில் வாழ்ந்து, பீற்றூட் சூப்புக்கும் கறுப்புப் பாணுக்கும் பழகினர். ஆனால் ஊருக்கு வந்தபின், அந்த மருத்துவப் பட்டம் எந்தத் தரத்தது என்ற கேள்வியை அவர்கள் நெடுநாள் சந்திக்கவேண்டியிருந்தது.

இரண்டாவது வரி நின்றபோது

எழுபதுகளில் நிலைமை மாறியது. 1971 முதல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர்கள் கூடுதல் புள்ளிகள் பெறவேண்டியதாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். ஆயினும் விரும்பிய துறைக்கு வழி கிடைக்காத பலர் வெளியே பார்த்தனர். முன்பு மேலும் படிக்கப் போனவர்கள், இப்போது படிப்பதற்கே போகவேண்டியவராயினர். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினால் கையில் மிகச் சொற்பப் பணத்துடனேயே விமானமேறினர். வீட்டை ஈடுவைத்தும், அம்மாவின் காப்பு, சங்கிலியை விற்றும் அனுப்பப்பட்ட பிள்ளைக்குத் தோற்கும் உரிமை இருக்கவில்லை.

பின்னர் 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தது. 1983 ஆடி வந்தது. படிக்கப் போனவர்களைத் ‘திரும்பி வராதே’ என்று பெற்றாரே எழுதினர். 1990இல் யாழ்தேவி நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணம் வர 2014 ஆகிவிட்டது. தொலைபேசி அறுந்து, கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்திய அந்தக் காலத்தில், வெளிநாட்டு விடுதி அறைகளில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வானொலியில் ஊரின் பெயர் வருகிறதா என்று காது கொடுத்திருந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! தகப்பனின் செத்தவீட்டுச் செய்தி எட்டும்போது அந்தியேட்டியும் முடிந்திருக்கும்.

சஞ்சிகையில் ‘பயணமானார்’ என்ற வரி பெருகியது. ‘திரும்பினார்’ என்ற வரி அருகியது. இதனால் பழகுதல் என்பதன் பொருளே மாறிவிட்டது என்பது எமது எண்ணம். திரும்பி வருபவருக்கு வேற்றுப் பண்பாடு ஒரு கம்பளிக் கோட்டு. கப்பலில் ஏறியதும் கழற்றலாம். திரும்பமுடியாதவருக்கு அது தோலாக வேண்டும். முன்னவர்கள் எதைக் கொண்டுவருவது என்று யோசித்தனர். பின்னவர்கள் எதை வைத்திருப்பது என்று யோசித்தனர். அதனால்தான் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் எழுந்தன. விம்பிள்டனில் 1981இல் பிள்ளையார் கோயில் எழுந்ததும் இந்தப் பின்னணியிற்றான். எமது கிளைச் சங்கங்களும் இப்படிப் பிறந்தவையே. ஊரில் பெரிதாக எண்ணாத கல்லூரிக் கீதத்தை அங்கே எழுந்து நின்று பாடும்போது கண் கலங்குவதற்கும் இதுவே காரணம்.

இன்று போகிறவர்களுக்கு

இன்று எமது பாடசாலைப் பிள்ளைகள் மீண்டும் போகிறார்கள். காணொளி அழைப்பில் அம்மாவின் அடுப்படியையே பார்க்கலாம். கருவேப்பிலை முதல் ஒடியல் மா வரை தமிழ்க் கடையில் வாங்கலாம். ஆகவே துன்பமே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். கல்விக் கட்டணமோ உள்ளூர் மாணவரைவிடப் பன்மடங்கு. கடன், வேலை, விசா, பரீட்சை நான்கையும் ஒரு பிள்ளை தலையில் சுமக்கிறாள். அழைப்பு வந்ததும் முகம் கழுவி, விளக்கைப் போட்டு, சிரித்துக்கொண்டு கதைக்கிறாள். நீலநிறக் கடிதத்தின் ‘நலம், நலமறிய ஆவல்’ இப்போது திரைக்கு வந்திருக்கிறது.

இந்த இடத்திற்றான் எமது சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளாக வெற்றிகளைக் கொண்டாடி வந்திருக்கிறோம், அது தொடரட்டும். கூடவே, படிப்பை இடையில் விட்டுத் திரும்பியவரும், துறையை மாற்றியவரும், ஒரு வருடம் முழுவதும் எவருடனும் மனம்விட்டுக் கதைக்காமல் இருந்தவரும் எம்மவரே. பட்டமின்றித் திரும்பிய பெண்ணைப் பற்றி எழுதும் வழக்கம் எந்தக் கல்லூரிச் சஞ்சிகைக்கும் இருந்ததில்லை. அவருக்கு அது வெட்கம் என்று எண்ணி மற்றவர்கள் மௌனம் காத்தனர். அந்த மௌனம் இன்று போகும் பிள்ளைக்குத் தவறான பாடத்தைச் சொல்கிறது: முன்னே போன அக்காமார் எல்லோரும் இலகுவாய்ச் சமாளித்தார்கள், என்னால் மட்டும்தான் முடியவில்லை என்று அவள் நினைக்கிறாள்.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியரிடம் நாம் கேட்பது இதுதான். நீங்கள் போன முதலாம் ஆண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதி உங்கள் கிளைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எங்கே இறங்கினீர்கள், யார் அறை தந்தார்கள், எதைச் சாப்பிட முடியவில்லை, எதற்காக அழுதீர்கள், எந்த நாளில் ‘இனிச் சமாளிப்பேன்’ என்று தோன்றியது என்பதை எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்; படித்த ஆண்டு மட்டும் போதும். பெட்டி அடுக்கும் பிள்ளையின் கையில் மிளகாய்த்தூளோடு அந்தப் பக்கங்களையும் கொடுத்து அனுப்புவோம்.